உலையில் இடுமுன்

(இடுக்கண் காலத்தில் கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் தாங்குவது குறித்து ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



துன்பத்தில் இருக்கும் சக கிறிஸ்தவரைத் தாங்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். இப்படி ஒரு தலைப்பு கிடைத்தால் அன்பு, இரக்கம், பரிவு என்று தொடங்கத் தோன்றும். அவற்றைப் பற்றி ஞாயிறுதோறும் என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இந்த அவையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். யார் எடுத்து வைத்தார்கள், எப்போது எடுத்து வைத்தார்கள், எந்தக் கை வழியாகப் போனது, யாருக்குப் போய்ச் சேரவில்லை என்பவைதான் என் கேள்விகள். இரண்டாயிரம் ஆண்டு சபை வரலாற்றில் உதவி ஒழுங்காக நடந்த இடங்களைப் பார்த்தால், அங்கெல்லாம் உருக்கத்தைவிட ஏற்பாடே முந்தி நின்றிருக்கிறது. கஷ்டம் வந்த பிறகு ஓடியவர்களைவிட, கஷ்டம் வருமுன் எடுத்து வைத்தவர்களே காப்பாற்றியிருக்கிறார்கள்.

திருச்சபையின் முதல் உதவித் திட்டம் ஒரு புகாரோடுதான் நமக்கு அறிமுகமாகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமில் அன்றாடப் பந்தி நடக்கிறது. கிரேக்கம் பேசும் விதவைகளை விட்டுவிட்டு எபிரெய விதவைகளுக்கே பரிமாறுகிறார்கள் என்று முணுமுணுப்பு எழுகிறது. எல்லாரும் யூதர், எல்லாரும் விசுவாசிகள். ஆனாலும் மொழி வேறு. பெந்தெகொஸ்தே நாள் முடிந்து அதிக காலம் ஆகவில்லை, அதற்குள் பந்தியில் பாரபட்சம்! அப்போஸ்தலர்கள் புகார் சொன்னவர்களை அடக்கவில்லை, 'நம் ஒற்றுமையைக் கெடுக்காதீர்கள்' என்று புத்தி சொல்லவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடமே சொல்லி, அந்த ஏழு பேரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தத் தரப்பு விடுபட்டதோ அந்தத் தரப்பின் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். நம் சபைக் கமிட்டிகள் இந்தப் பகுதியைத் தேர்தலுக்கு முந்தின ஞாயிறு வாசித்தால் நல்லது.

அடுத்தது பவுலின் காணிக்கை. பவுலை நாம் பிரசங்கியாராகவும் நிருபங்கள் எழுதியவராகவுமே நினைக்கிறோம். ஆனால் அவருடைய ஊழியத்தில் பல ஆண்டுகளைத் தின்ற வேலை, எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் திரட்டியது. அதற்கு முன்பே, கிலவுதியு காலத்துப் பஞ்சத்தை அகபு முன்னறிவித்தபோது, அந்தியோகியா சபையார் அவரவர் சக்திக்குத் தக்கபடி யூதேயாவுக்கு அனுப்பினார்கள். அதைக் கொண்டுபோனவர்களில் பவுலும் ஒருவர். பின்பு கி.பி. 50-களில் மக்கெதோனியா, அகாயா, கலாத்தியா என்று ஊர் ஊராகத் திரட்டுகிறார். கொரிந்தியருக்கு அவர் எழுதிய யோசனை மிக எளியது. வாரத்தின் முதல் நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கதை வீட்டில் எடுத்து வைக்கட்டும், நான் வந்த பிறகு வசூல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறார். தான் வந்து நின்று உருக்கமாகப் பேசினால் பணம் கொட்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அப்படி வரும் பணம் வேண்டாம் என்று முன்கூட்டியே தடுக்கிறார்.

கொரிந்து வசதியான துறைமுகப் பட்டணம். முந்தின வருஷம் வாக்குக் கொடுத்துவிட்டு இழுத்தடிக்கிறார்கள். தாங்களே கொடிய தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியரோ, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக் கொடுக்கிறார்கள். பவுல் இதைக் கொரிந்தியரிடம் சொல்லிக் காட்டும் விதத்தில் கொஞ்சம் ஊர்க் குசும்பு இருக்கிறது. மக்கெதோனியர் என்னோடு வந்து நீங்கள் ஆயத்தமாக இல்லாததைப் பார்த்துவிட்டால் வெட்கமாகப் போய்விடுமே என்கிறார், உங்களுக்கு வெட்கம் என்று மட்டும் சொல்லாமல் எங்களுக்கும் வெட்கம் என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு.

இன்னும் இரண்டு விஷயங்களை இதில் கவனிக்க வேண்டும். முதலாவது, பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவோடு சபைகள் தெரிந்துகொண்ட சகோதரர் ஒருவரையும் அனுப்புகிறார். இவ்வளவு பெரிய தொகையில் எங்கள்மேல் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று காரணமும் எழுதுகிறார். கடைசிப் பயணத்தில் பெரோயாவின் சோபத்தர், தெசலோனிக்கேயின் அரிஸ்தர்க்கு, செக்குந்து, தெர்பையின் காயு, தீமோத்தேயு, ஆசியாவின் தீகிக்கு, துரோப்பீமு என்று பல ஊர் ஆட்கள் உடன் போனதை லூக்கா பெயரோடு குறித்திருக்கிறார். அவர்கள் தத்தம் ஊர்ச் சபைகளின் பிரதிநிதிகளாகப் போனார்கள் என்பதே வேதாகம ஆய்வாளர் பலரின் கருத்து. 'தேவ மனுஷனிடம் கணக்குக் கேட்பதா?' என்று இன்றைக்குக் கேட்கிறவர்கள் உண்டு. அந்தத் தேவ மனுஷன் கேட்காமலேயே கணக்குக்கு ஆள் வைத்தார்.

இரண்டாவது, ரோமருக்கு எழுதும்போது அவர் ஒரு ஜெபக் குறிப்பு சேர்க்கிறார். இந்த உதவியை எருசலேமிலுள்ள பரிசுத்தவான்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஜெபியுங்கள் என்கிறார். பசியில் இருப்பவன் வாங்க மாட்டானோ என்று கொடுப்பவர் கவலைப்படுகிறார்! புறஜாதியாரின் பணம், சந்தேகத்துக்கு ஆளான பவுலின் கை. வாங்கினால் அவர்களுக்கு என்ன பேச்சு வருமோ என்று யோசித்திருக்கிறார். வாங்குபவருக்கும் மானம் உண்டு, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை. மூன்று கிலோ அரிசிப் பையைக் கொடுத்துவிட்டு, 'கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கம்மா' என்று செல்போனை நீட்டுகிறோமே, நமக்கு அந்தக் கவலை வந்ததுண்டா?

அப்போஸ்தலர் காலத்துக்குப் பிந்தியவற்றை விரைவாகக் கடந்துவிடுகிறேன். கி.பி. 197-ஐ ஒட்டி, கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் சபையின் பொதுப் பெட்டியைப் பற்றி எழுதினார். மாதம் ஒரு நாள், விருப்பமுள்ளவர் முடிந்ததைப் போடுவார்கள், கட்டாயம் இல்லை. அந்தப் பணம் விருந்துக்குப் போகாது. ஏழைகளின் சோற்றுக்கும் அடக்கத்துக்கும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும், முதியவர்களுக்கும், கப்பல் உடைந்து தவித்தவர்களுக்கும், விசுவாசத்துக்காகச் சுரங்கத்திலும் தீவிலும் சிறையிலும் கிடந்தவர்களுக்கும் போகும். 251-இல் ரோமாபுரிச் சபை 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் தாங்கி வந்ததாக அதன் பேராயர் கொர்னேலியு ஒரு கடிதத்தில் குறிக்கிறார். சபைக்கு இன்னும் சட்ட அங்கீகாரம்கூட இல்லாத காலம் அது.

அதே கார்த்தேஜில் 253 வாக்கில் பேராயராக இருந்தவர் சிப்ரியான். நுமிதியாவிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. கொள்ளைக் கூட்டத்தார் அங்குள்ள கிறிஸ்தவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், மீட்கப் பணம் வேண்டும் என்று. சிப்ரியானின் சபையார் ஒரு லட்சம் செஸ்தர்ஸ் நாணயம் திரட்டி அனுப்பினார்கள். அவர் பணத்தோடு கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் அனுப்பி, ஜெபத்தில் இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். இனி இப்படி நடக்கவே கூடாது என்று வேண்டிக்கொள்கிறோம், நடந்தால் எங்களுக்கு எழுதத் தயங்காதீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். கேட்பவரின் வாயைத் திறந்து வைக்கும் அந்த ஒரு வரிக்காகவே அந்தக் கடிதம் எனக்குப் பிடிக்கும். அதே ஊரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, நம்மவரை மட்டும் பார்த்தால் போதாது, நம்மைப் பகைப்பவர்களையும் பாருங்கள் என்று அவர் சொன்னதாக அவர் வரலாற்றை எழுதிய பொந்தியு சொல்கிறார்.

ஏமாற்றுக்காரர்களும் அன்றே இருந்தார்கள். இரண்டாம் நூற்றாண்டின் நையாண்டி எழுத்தாளர் லூசியன், பெரெக்ரினு என்ற ஒருவன் கிறிஸ்தவனாகச் சேர்ந்து சிறைக்குப் போய், சபையார் கொண்டுவந்து கொட்டியதில் கொழுத்த கதையைச் சொல்லிச் சிரிக்கிறார். விடிகாலையிலேயே கிழ விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் சிறை வாசலில் காத்துக்கிடந்தார்களாம். எள்ளி நகையாட எழுதியதுதான். இருந்தாலும் சபைக்கு இதைவிட நல்ல நற்சான்றிதழை எதிரி எழுதியிருக்க முடியாது. சபையும் ஏமாளியாக உட்கார்ந்திருக்கவில்லை. 'திதாக்கே' என்னும் பழைய சபை ஒழுங்கு நூல் ஒன்று, வழிப்போக்கனாக வரும் விசுவாசிக்கு உதவு, இரண்டு மூன்று நாள் தங்கட்டும், அதற்கு மேல் தங்க விரும்பினால் தொழில் செய்து சாப்பிடட்டும் என்று வரையறுத்துவிடுகிறது. சந்தேகத்தால் கையை மூடிக்கொள்ளாமல், விதி வைத்துக்கொண்டு கையைத் திறந்திருக்கிறார்கள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவனானவனுக்கு வந்த இடுக்கண், மனக்கஷ்டம் மட்டும் அல்ல. குடிசை நிற்கும் தரை நிலக்காரருடையது. ஏறும் பனை அவருடையது. தண்ணீர் எடுக்கும் கிணறும் அவருடையது. கோவில் கொடைக்கு வரி கொடுக்க மாட்டேன் என்றால் மறுநாள் வீடு இல்லை. இதற்குச் சபையார் கண்ட பதில் நிலம் வாங்குவது. 1799-இல் முதலூர் அப்படித்தான் எழுந்தது, துரத்தப்பட்டவர்களுக்குப் புகலிடமாக. அதற்குப் பாடுபட்ட தாவீது சுந்தரானந்தம் இளவயதிலேயே இறந்தார்; நஞ்சூட்டப்பட்டார் என்பது சபை வழிவழியாகச் சொல்லி வருவது. சாயர் என்ற வணிகர் வாங்கிக் கொடுத்த நிலத்தில் சாயர்புரம் வந்தது. ஜெர்மனியின் தோனா பிரபு அனுப்பிய பணத்தில் வாங்கிய நிலம் டோனாவூர் ஆனது.

வெளியார் பணத்தையே நம்பிக்கொண்டிருந்தால் இது நாலைந்து ஊரோடு நின்றிருக்கும். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ், 1830-ஐ ஒட்டி தர்ம சங்கத்தைத் தொடங்கினார். சபையாரே சேர்ந்து பணம் போட்டு, துன்புறுத்தப்படும் விசுவாசிகளுக்கு நிலமும் மனையும் வாங்குவது அதன் வேலை. ரேனியஸின் இலக்கணத்தையும் வேதாகமத் திருத்தத்தையும் பற்றி ஆய்வேடுகள் வந்திருக்கின்றன. இந்தச் சங்கத்தைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வேடு என் கண்ணில் படவில்லை. ஒருவன் தன் மனசாட்சிப்படி நடக்க வேண்டுமானால் அவன் காலடியில் அவனுடைய தரை இருக்க வேண்டும் என்று இந்தச் சங்கத்தார் கண்டுகொண்டது, அந்த நூற்றாண்டின் எந்தப் பிரசங்கத்தையும்விடப் பெரியது என்பது என் துணிபு.

இந்தப் பழக்கம் வீட்டுக்குள் நுழைந்த வடிவம் கைப்பிடி அரிசி. இளைய தலைமுறைக்காக விளக்கிச் சொல்கிறேன். அம்மா படியில் அரிசி அளந்து சுளகில் கொட்டுவாள். கல் பொறுக்கிப் புடைத்து, களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் கலயத்தில் போடுவாள். ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி. வாரக் கடைசியில் பிள்ளைகளோ வேதாகமப் பெண்மணியோ பையோடு வருவார்கள், கலயம் கவிழும். கோவிலில் எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் விழும். புழுங்கல், பச்சை, சம்பா, ரேஷன் எல்லாம் கலந்துவிடும். அந்தக் கலவரிசியை ஆக்கினால் ஒன்று குழையும், ஒன்று விறைத்து நிற்கும். அதை ஏலம் விடும்போது கோழிக்கென்று சொல்லி மலிவாகக் கேட்பவர்களும் உண்டு. ஆனாலும் உபதேசியார் வீட்டு அடுப்பும், மாப்பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணின் அடுப்பும் அதனால்தான் எரிந்தன. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, அயல் பணம் வாங்காமல் இந்தியர் பணத்திலேயே நடத்துவோம் என்று அசரியாவும் தோழர்களும் துணிந்தார்கள். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இப்படிப்பட்ட அடுப்படிகள் இருந்தன.

கலயத்தில் விழுந்த பிடி யாருக்கென்று போட்டவளுக்குத் தெரியாது. அது யாருடையது என்று தின்றவளுக்கும் தெரியாது. நன்றிக்கடன் இல்லாத உதவி அது. மிச்சத்தில் கொடுத்ததும் அல்ல. உலையில் இடுமுன்பே எடுத்தது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு கசப்பான பகுதிக்கு வந்தாக வேண்டும். 'சக கிறிஸ்தவர்' என்று தலைப்பில் இருக்கிறதே, யார் அந்தச் சகர்? தர்ம சங்கம் வாங்கிய நிலங்களில் எழுந்த ஊர்களில் பெரும்பாலானவை ஒரே சாதி ஊர்களாகவே வளர்ந்தன. விசுவாசக் குடும்பம் என்று தொடங்கியது மெல்லச் சொந்தபந்தமாகச் சுருங்கியது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கிடையே சுவர் நிற்கிறது. பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியவர்கள் பந்தியில் இடம் கொடுக்கவில்லை. தாது வருஷப் பஞ்சத்தின்போது பல ஆயிரம் பேர் சபையில் சேர்ந்தார்கள். அவர்களைச் சோற்றுக் கிறிஸ்தவர் என்று ஊர் ஏசியதைவிட, முந்தி வந்த கிறிஸ்தவர்கள் ஒதுக்கியதுதான் அதிக காலம் நீடித்தது.

அரசின் ஆணையும் இந்தக் காயத்தின்மேல் விழுந்தது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாதவருக்கு அந்தத் தகுதி இல்லை என்றது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கதவு திறந்தது. தலித் கிறிஸ்தவருக்கு இன்றும் திறக்கவில்லை. இதை ஆராய 2022-இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமூகம் படிப்பிலும் வேலையிலும் இழந்து வருவதைச் சபையின் பொதுத் துன்பமாக மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் எண்ணினார்களா? ஆண்டுக்கு ஒரு கறுப்பு நாள் ஆர்ப்பாட்டம், ஒரு தீர்மானம். அந்த ஆர்ப்பாட்டத்தில் யார் வெயிலில் நிற்கிறார்கள் என்று அடுத்த முறை பாருங்கள். பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்களேதான்.

எருசலேமில் கிரேக்க விதவைகளின் முணுமுணுப்புக்கு ஏழு பேரை நியமித்தார்கள். நம் முணுமுணுப்புக்கு நாம் நியமித்தது பெரும்பாலும் விசாரணைக் கமிட்டிகளைத்தான்.

வடகிழக்கில் இன்றைக்கு நடப்பதையும் சொல்ல வேண்டும். மிசோரத்துப் பெண்கள் 1910-இல் நம்முடையதைப் போன்ற ஒரு கைப்பிடி அரிசி வழக்கத்தைத் தொடங்கினார்கள். நம்மிடம் அது தேய்ந்துபோனது. அவர்களிடம் கோடிக்கணக்கில் வருமானம் தரும் ஏற்பாடாக இன்றும் நிற்கிறது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது சின் மலையிலிருந்து மக்கள் எல்லை தாண்டி வந்தார்கள். வருகிறவர்களைத் தடுக்கும்படி ஒன்றிய அரசு எழுதியது. மனிதாபிமானத்தோடு பார்க்க வேண்டும் என்று மிசோரத்தின் அன்றைய முதலமைச்சர் சோரம்தங்கா பிரதமருக்குப் பதில் எழுதினார். வந்தவர்கள் 30,000-க்கும் மேல். 2023 மே மாதம் மணிப்பூர் பற்றி எரிந்தபோது அங்கிருந்தும் பல ஆயிரம் பேர் வந்தார்கள். மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே பத்து லட்சத்தைச் சற்றுத் தாண்டியது. தேவாலயங்களும் இளைஞர் சங்கமும் கூரை போட்டுக் கொடுத்து, அரிசியும் விறகும் பிரித்துக் கொடுத்தன. பழகிய கை என்பதால் முடிந்தது.

வந்தவர்கள் விசுவாசத்தால் மட்டும் சகர் அல்லர், இரத்தத்தாலும் சொந்தக்காரர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1997-இல் இதே மிசோரத்திலிருந்து புரு மக்கள் முப்பதாயிரம் பேருக்கு மேல் திரிபுராவுக்கு அகதிகளாகப் போனார்கள். அவர்களுக்கு இந்தக் கை நீளவில்லை. மேலப்புதூர்ச் சுவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல நமக்குத் தகுதி குறைவுதான்.

நம் சபைகளின் இன்றைய நிலையோடு முடிக்கிறேன். ஒரு குடும்பத்தலைவருக்கு வேலை போகிறது, அல்லது சிறுநீரகம் கெடுகிறது. முதல் மாதம் எல்லாரும் வந்து பார்க்கிறார்கள், ஹார்லிக்ஸ் புட்டிகள் சேர்கின்றன. மூன்றாம் மாதம் 'ஜெபத்துல நினைச்சுக்கிறோம்' என்கிறார்கள். அடுத்த ஆண்டு சங்கக் காணிக்கை பாக்கி விழுகிறது. பாக்கி இருப்பதால் அவர் கோவிலுக்கு வரக் கூச்சப்படுகிறார். வராததால் யாரும் விசாரிப்பதில்லை. ஒருநாள் மகளுக்குக் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும், அல்லது அவரையே அடக்கம் செய்ய வேண்டும். அப்போது நோட்டைப் புரட்டி, இத்தனை வருஷப் பாக்கி என்று கணக்குச் சொல்கிறார்கள். எல்லாச் சபைகளும் இப்படி என்று சொல்ல மாட்டேன்; தம் சட்டைப்பையிலிருந்து கட்டிவிட்டு வாயே திறக்காத குருமார்களும் இருக்கிறார்கள். ஆனால் சாவு வீட்டில் பாக்கி கேட்கும் வழக்கம் இருக்கிறது என்பது இந்த அவையில் பலருக்குத் தெரியும். தெர்த்துல்லியனின் பெட்டி ஏழையை அடக்கம் செய்யப் பணம் கொடுத்தது. நம் பெட்டி அடக்கத்துக்கு வந்தவனிடம் பணம் கேட்கிறது.

கோபுரத்துக்கு வசூல் நடக்கிறது, ஒலிபெருக்கிக்கு நடக்கிறது, அசன விருந்துக்கு ஆடு நேர்கிறார்கள். நான் அசனத்துக்கு எதிரி அல்ல. அந்தக் குழம்பை ருசித்தவன். சகாய நிதி என்று ஒரு வரி மட்டும் வரவு செலவு அறிக்கையின் அடியில் கிடக்கிறது, அதற்கு எதிரே பல சபைகளில் ஒரு கோடு. ஆகவே இங்கே வந்திருக்கும் சபைக் கமிட்டி அங்கத்தினர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். சகாய நிதிக்கு வருமானத்தில் ஒரு பங்கை ஆண்டின் முதல் கூட்டத்திலேயே, மற்ற எந்தச் செலவுக்கும் முன்பு, ஒதுக்கிவிடுங்கள். அதைப் பிரித்துக் கொடுக்கும் குழுவில், இதுவரை உங்கள் சபையில் குரல் இல்லாதவர்கள் பாதிப் பேராவது இருக்கட்டும். தொகையை அறிவிப்புப் பலகையில் போடுங்கள், வாங்கியவர் பெயரைப் போடாதீர்கள். இரண்டு ஞாயிறு ஒருவர் வரவில்லையென்றால் விண்ணப்பத்துக்குக் காத்திராமல் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் பாக்கி கேட்பதில்லை என்று இந்த ஆண்டே ஒரு தீர்மானம் போடுங்கள். கல்லறைச் சுவர் உள்ள ஊர்க்காரர்கள் அதை இடிக்க நாள் குறியுங்கள்.